மூலத்தரவைப் பொதுவில் வைக்காத கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கலாமா?

புள்ளியியல் ஆசிரியர்:
"தரவு தேவைப்படுவோர் கட்டுரை ஆசிரியரை அணுகலாம்" என்ற ஒற்றை வரியோடு வரும் கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. 2020 மே 22 அன்று தி லான்செட் மருத்துவ இதழில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பெற்ற கோவிட் நோயாளிகளிடையே இறப்பு அதிகம் என்று ஒரு கட்டுரை வெளியானது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் பரிசோதனையைச் சில நாட்கள் நிறுத்தியே வைத்தது. ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை கூறியது; ஆனால் ஏப்ரல் 21 வரை அந்த நாடு முழுவதிலும் பதிவான கோவிட் இறப்புகளே 67தான். தரவை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி, தனியே அமர்த்தப்பட்ட மதிப்பாய்வாளர்களுக்கும் அதைத் தர மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மூலத்தரவைக் காட்டினால்தான் வெளியீடு என்ற விதி முன்பே இருந்திருந்தால் அது அச்சேறியே இருக்காது.

களப்பணி மருத்துவர்:
ஐயா, அந்தக் கட்டுரையை நானும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "பொதுவில் வையுங்கள்" என்று நீங்கள் எளிதாகச் சொல்வது எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றியது. குறைப்பிரசவம் பற்றிய ஒரு சிறு ஆய்வுக்காகப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்கி ஒரு கோப்பைத் தயார் செய்திருந்தோம். ஊர், வயது, பிரசவத் தேதி மட்டுமே எஞ்சியிருந்தன. அதைச் சரிபார்க்க உட்கார்ந்த கிராம சுகாதார செவிலியர் பதினோராவது வரியில் விரலை வைத்து, "இது பால்வாடி டீச்சரோட மருமகள், டாக்டர்" என்றார். அதே வரியின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண்ணின் எச்ஐவி பரிசோதனை முடிவு இருந்தது. அந்தக் கோப்பை இணையத்தில் ஏற்ற என் கை வராது.

புள்ளியியல் ஆசிரியர்:
உங்கள் அச்சம் நியாயமானது அம்மா. ஆயினும் கோப்பைத் திறந்து பார்க்காமல் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லாத இடங்களும் உண்டு. அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி சரியும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதியதைப் பல நாட்டு அரசியல்வாதிகள் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களின் எக்செல் கோப்பைப் பார்த்தபோது, சராசரிக்கான சூத்திரம் 30ஆம் வரியிலிருந்து 49 வரை போக வேண்டியது 44இலேயே நின்றிருந்தது தெரிந்தது. இருபது நாடுகளில் ஆஸ்திரியா, பெல்ஜியம் உட்பட ஐந்து கணக்கிலேயே வரவில்லை. அது ஒன்றே முடிவை மாற்றிவிடவில்லை; வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் அந்த ஐந்து வரிகள் கண்ணில் பட்டிருக்காது.

களப்பணி மருத்துவர்:
அந்தக் கோப்பு கட்டுரை ஆசிரியர்களிடம் கேட்டுப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும், ஆஸ்திரியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் மாமியார் வீடு கிடையாது.

நூலகர்:
இடையில் ஒரு வழி இருக்கிறது. 2013 மார்ச்சில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தினர் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்களின் மரபணுத் தொகுப்பைப் பொதுவில் வெளியிட்டார்கள். அச்செல்கள் 1951இல் இறந்த ஹென்றியெட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை; அவற்றின் மரபணு அவர் குடும்பத்தாரைப் பற்றியும் சொல்லிவிடும். குடும்பத்தாரிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் தரவு விலக்கப்பட்டது. ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உடன்பாடு கண்டு, விண்ணப்பித்தோருக்கு மட்டும் தரவு தரும் ஆறு பேர் குழுவில் குடும்பத்தினர் இருவரைச் சேர்த்தது. பூட்டு இருக்கிறது, சாவி கட்டுரை ஆசிரியரின் கையில் இல்லை.

புள்ளியியல் ஆசிரியர்:
சாவி கட்டுரை ஆசிரியரிடம் இல்லை என்றால் எனக்குச் சம்மதம். விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லக் கால வரம்பும், மறுத்தால் எழுத்தில் காரணமும் வேண்டும். உங்கள் கோப்பில் பிரசவத் தேதியை எடுத்துவிட்டுக் கர்ப்ப வாரத்தை மட்டும் கொடுத்தால், என் கணக்குக்கு அதுவே போதும் அம்மா.

களப்பணி மருத்துவர்:
வாரத்தைத் தரலாம். ஊருக்குப் பதில் மாவட்டத்தைப் போட்டு, முதலில் அதே செவிலியரிடம் காட்டுகிறேன். அவரால் ஒருவரையும் அடையாளம் காண முடியாவிட்டால் களஞ்சியத்துக்கு அனுப்புகிறேன். எச்ஐவி முடிவு மட்டும் குழுவின் பூட்டுக்குள் இருக்கட்டும்.