பேராசிரியருடன் நெதர்லாந்துக்கு: களப்படிப்பு சென்றவர்களின் பகிர்வு

சிவில் பொறியியல் பேராசிரியர், டெக்சஸ்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும், கோடை விடுமுறையில் பேராசிரியர் ஒருவரே அழைத்துச் செல்லும் வெளிநாட்டுக் களப்படிப்பைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கும் பரிமாற்றத் திட்டம் வேறு, இது வேறு. இதில் பாடத்தை வகுப்பவரும், களத்தில் நின்று நடத்துபவரும், மதிப்பெண் இடுபவரும் நம் பல்கலைக்கழகத்து ஆசிரியரே; பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகான கிரெடிட்டும் நம் பல்கலைக்கழகக் கணக்கிலேயே சேரும். நான் கடலோர வெள்ளத் தடுப்பைக் கற்பிப்பவன் என்பதால் மாணவர்களை நெதர்லாந்துக்கு அழைத்துச் செல்கிறேன். 2008-இல் ஐக் புயல் டெக்சஸ் கடலோர நகரான கால்வெஸ்டனைத் தாக்கிய பிறகு அங்கே முன்மொழியப்பட்ட கடல் தடுப்புத் திட்டம் டச்சுக் கட்டுமானங்களை முன்மாதிரியாகக் கொண்டது. ஆகவே எங்கள் மாணவர்கள் அங்கே காண்பது தம் சொந்தக் கடற்கரைக்கு வரக்கூடிய ஒன்றை.

பெரும்பாலான குழுக்கள் ஹூக் வான் ஹாலந்து என்ற கடலோர ஊருக்கு அருகிலுள்ள மாஸ்லான்ட் புயல் தடுப்பிலிருந்து பயணத்தைத் தொடங்குகின்றன. 360 மீட்டர் அகலமுள்ள கப்பல் வழியை மூடுவதற்கு, ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள் அங்கே காத்திருக்கின்றன. பார்த்தவுடன் யாரும் வாயடைத்துப் போவார்கள். அந்த வியப்பு வந்துவிட்டால் கேள்வி எழாது என்பது என் கருத்து. அதனால் நான் முதலில் ஆவர்கெர்க் என்ற சிற்றூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

1953 ஜனவரி 31 இரவு, வடமேற்குப் புயலும் முழுநிலவை ஒட்டிய உயர் ஓதமும் (கடல் நீர்மட்ட ஏற்றமும்) ஒன்றுசேர, தென்மேற்கு நெதர்லாந்தின் கரைகள் எண்ணற்ற இடங்களில் உடைந்தன. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். ஆவர்கெர்க்கில் இருந்த கடைசி உடைப்பை அடைக்க அவ்வாண்டு நவம்பர் வரை ஆயிற்று. போர்க்காலத் துறைமுகப் பணிக்கென உருவாக்கப்பட்ட மாபெரும் கான்கிரீட் பெட்டகங்கள் நான்கை மிதக்கவிட்டு இழுத்து வந்து அங்கே மூழ்கடித்தார்கள். அந்த நான்கு பெட்டகங்களுக்குள்தான் இன்று வெள்ள அருங்காட்சியகம் இயங்குகிறது.

என் மாணவர்கள் உள்ளே நுழையும்போது பெட்டகத்தின் எடை என்ன, நீரோட்டத்தில் எப்படி நிலைநிறுத்தினார்கள் என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை, அந்த இரவில் சிறுவராக இருந்த முதியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தார். அவர் கட்டுமானத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது சனிக்கிழமை இரவு என்பதையும், அக்காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு வானொலி ஒலிபரப்பு கிடையாது என்பதையும், வானிலை நிலையம் எச்சரிக்கை விடுத்திருந்தும் உறங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதையும் பொறுமையாக விளக்கினார். அன்று மாலை, பகலில் கொடுத்திருந்த கணக்குப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, அந்த எச்சரிக்கை யாரிடமிருந்து புறப்பட்டது, எங்கே நின்றது, யார் அதைக் கேட்டிருக்க முடியும் என்று வரைபடமாக எழுதச் சொன்னேன். மறுநாள் அதே வரைபடத்தை ஐக் புயலுக்காக வரைந்தார்கள். கரையின் உயரம் மட்டுமே வடிவமைப்பு என்று நினைத்திருந்தவர்கள், செய்தி செல்லும் பாதையையும் வடிவமைக்க வேண்டும் என்று தாங்களாகவே எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. வகுப்பறையில் இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன். அப்போது அது குறிப்பேட்டில் ஒரு வரியாக மட்டுமே தங்கியது.

இப்படிப் பேராசிரியருடன் சென்றவர்கள், எந்த நாட்டுக்குச் சென்றிருந்தாலும், அங்கே எது தங்களைச் சிந்திக்க வைத்தது என்பதை எழுத வேண்டுகிறேன்.

முதுநிலை மாணவர், கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்கா வந்தவர்

ஐயா, வணக்கம். நானும் வேறொரு பல்கலைக்கழகத்தின் குழுவுடன் நெதர்லாந்துக்குத்தான் சென்றேன். எங்கள் பேராசிரியர் அதிக நேரம் ஒதுக்கியது கிழக்கு ஸ்கெல்ட் என்ற கழிமுகத்தின் புயல் தடுப்புக்கு. அந்தக் கழிமுகத்தை முழுவதுமாக அணையிட்டு மூடிவிடுவதே முதலில் போடப்பட்ட திட்டம். அவ்வாறு மூடினால் உப்புநீர் நன்னீராகி, சிப்பி வளர்ப்பும் மீன்பிடிப்பும் அழியும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 1970-களின் நடுவில் அரசு திட்டத்தை மாற்றியது. இயல்பான நாட்களில் ஓதம் வந்து போகும்படி திறந்திருக்கும், புயல் வந்தால் மட்டும் மூடும் 62 எஃகு மதகுகளுடன் 1986-இல் அது திறக்கப்பட்டது. கட்டுமானச் செலவு மிகவும் கூடியது, ஆனால் கழிமுகம் உயிரோடு இருக்கிறது.

இதை நாங்கள் ஒரு வெற்றிக் கதையாகக் குறித்துக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் எங்களை யெர்செக்கே ஊருக்கு அழைத்துச் சென்று, சிப்பி வளர்ப்பவர் ஒருவருடன் பேச வைத்தார். தொழில் தப்பித்தது என்பதில் அவருக்கு நன்றி உணர்வு நிறையவே இருந்தது. ஆனால் தடுப்பின் தூண்களால் நீரோட்டத்தின் வேகம் குறைந்துவிட்டதையும், ஓதம் இறங்கும்போது வெளிப்படும் மணல்திட்டுகள் தேய்ந்துகொண்டே போவதையும், அங்கே இரை தேடும் பறவைகளுக்கு நேரமும் இடமும் சுருங்குவதையும் அவர் தம் படகிலிருந்து தொலைவைச் சுட்டிக்காட்டி விளக்கினார். புயல்கள் திட்டிலிருந்து மணலை ஓடைகளுக்குள் தள்ளுகின்றன. அதைத் திரும்பத் திட்டின்மேல் ஏற்றும் வலிமை இப்போதைய நீரோட்டத்துக்கு இல்லை. அதனால் மணலை அள்ளிவந்து திட்டுகளின்மேல் செயற்கையாகக் கொட்டுகிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் 1974-ஆம் ஆண்டின் அமைச்சர்களாகவும், மீதிப் பேர் 2050-ஆம் ஆண்டின் கழிமுகவாசிகளாகவும் நின்று வாதிட வேண்டும் என்று அன்றிரவு பேராசிரியர் பணித்தார். எனக்குக் கிடைத்தது இரண்டாம் தரப்பு. பகலில் அந்தச் சிப்பி வளர்ப்பவர் சொன்னதை நேரில் கேட்டிராவிட்டால் எனக்கு வாதமே கிடைத்திராது.

எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சக மாணவர்கள் விசா இல்லாமலே நெதர்லாந்துக்குள் நுழைவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீட்டைக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பம் இருக்கிறதா என்பதையும், திரும்பி வருவதற்கான அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகவில்லையா என்பதையும் புறப்படும் முன் பாருங்கள். குழுவில் இடம் கிடைத்த அன்றே இவற்றைத் தொடங்கிவிடுவது நல்லது. கோடையில் விசா நேர்காணல் தேதி கிடைப்பது கடினம்.

ஒரு தாயார், நியூ ஜெர்சி

தம்பி எழுதியதையும் பேராசிரியர் ஐயா எழுதியதையும் படித்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது, ஏனெனில் எங்கள் வீட்டில் கிடைத்த அனுபவம் வேறு மாதிரியானது. என் மூத்த மகன் இரண்டாம் ஆண்டில் ஓர் ஐரோப்பியத் தலைநகரத்துக்கு இப்படி ஒரு குழுவுடன் சென்றான். பேராசிரியர் பெயரளவில்தான் உடன் இருந்தார். காலையில் சுற்றுலா நிறுவனத்தின் பேருந்து வரும், வழிகாட்டி மனப்பாடமாகப் பேசுவார், மாலையில் அவரவர் வழியில் கலைந்துவிடுவார்கள். மூன்று கிரெடிட் கிடைத்தது. என்ன கற்றாய் என்று கேட்டால் புகைப்படங்களைக் காட்டினான். கல்விக் கட்டணம், திட்டக் கட்டணம், விமானச் செலவு என்று தனித்தனியாகக் கட்டியதை நினைத்து நானும் என் கணவரும் வருந்தினோம்.

இப்போது மகளும் போக விரும்புகிறாள். அவளுக்குப் பெல் என்ற அமெரிக்க அரசின் கல்வி உதவி கிடைப்பதால், அதைப் பெறும் அமெரிக்கக் குடிமக்களுக்கென உள்ள கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்; அதில் 5,000 டாலர் வரை கிடைக்கும் வாய்ப்புண்டு. பணத்துக்கு வழி பிறந்தாலும், எந்தத் திட்டத்தில் உண்மையில் பாடம் நடக்கும் என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது என்பதே என் கவலை.

சமூகவியல் படித்தவர், சென்னை

அம்மா, உங்கள் கேள்விக்குப் பேராசிரியர் ஐயாவே பதில் எழுதுவார். பொறியியல் படிக்காத ஒருத்திக்கு இத்தகைய பயணத்தில் என்ன கிடைத்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அமெரிக்காவில் படித்தபோது, நகரத் திட்டமிடல் துறைப் பேராசிரியர் ஒருவரின் குழுவில் சமூகவியல் மாணவியாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பாடமாக அமைந்தது, ரைன் நதியின் கிளையொன்றின் கரையில் உள்ள நைமேகன் என்ற டச்சு நகரம்.

1993-இலும் 1995-இலும் ரைன் நதியின் கிளைகள் பெருக்கெடுத்தன. 1995-இல் ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு, கரையை மேலும் மேலும் உயர்த்துவதை விட்டுவிட்டு ஆற்றுக்கே இடம் கொடுப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். நைமேகனுக்கு எதிர்க்கரையிலுள்ள லென்ட்டில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, ஆற்றுக்குப் புதிய கிளை வெட்டினார்கள். இன்று அங்கே பூங்காவும் பாலங்களும் நீந்துவோரும் இருப்பதைப் பார்த்தால் அழகாக இருக்கும். எங்கள் பேராசிரியர் அந்தப் பாலத்தின்மேல் எங்களை நிறுத்தி, இதற்காக இடிக்கப்பட்ட சுமார் 50 வீடுகள் எங்கே இருந்தன என்று தேடச் சொன்னார். பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாய்க்குட்டியுடன் நடந்து வந்த ஒரு பெண்மணியிடம் கேட்டோம். அவரே அந்தத் தெருவில் வளர்ந்தவர். முதலில் எதிர்த்துக் கூட்டங்களுக்குச் சென்றதையும், இழப்பீடு நியாயமாகவே கிடைத்ததையும், இருந்தாலும் தாம் பிறந்த வீட்டின் இடத்தைக் கடக்கும்போது இன்னும் நடை தளர்வதையும் அவர் மறைக்காமல் பகிர்ந்துகொண்டார். என் ஆய்வுக்கட்டுரை அந்தப் பத்து நிமிட உரையாடலிலிருந்துதான் பிறந்தது.

அதே பயணத்தில், கரைகளையும் நீரையும் பராமரிக்கும் உள்ளூர் அமைப்பான நீர் வாரியம் ஒன்றின் அலுவலகத்துக்கும் சென்றோம். நாட்டில் இப்போது 21 வாரியங்கள் உள்ளன. அவற்றின் வேர் 13-ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது. தனி வரி, தனித் தேர்தல். ஏரி மராமத்தை ஊரே செய்த குடிமராமத்து வழக்கத்தைப் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டிருந்த எனக்கு, கரையைக் காக்கும் பொறுப்பு ஊராரிடம் நிலைத்து, சட்டமாகவும் நிதியாகவும் வளர்ந்த ஒரு நாட்டைக் காண்பது மிகுந்த மனக்கிளர்ச்சியைத் தந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கியது. 2018-இல் நெதர்லாந்து அரசு தொடங்கிய ஆசிய நகரங்களுக்கான நீர்த் திட்டத்தில் குல்னா, செமராங் நகரங்களுடன் சென்னையும் இடம்பெற்றதைப் பின்னர் அறிந்தபோது, அதன் ஆவணங்களை ஒரு கேள்வியோடுதான் படித்தேன்: நீருக்கு இடம் கொடுக்க நகர வேண்டியவர்கள் யார், அவர்களிடம் யார் பேசினார்கள்? ஆற்றங்கரைக் குடும்பங்கள் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்ட வரலாறு நமக்கும் உண்டு என்பதால், லென்ட்டின் அந்தப் பெண்மணியை நான் மறக்கவில்லை.

சிவில் பொறியியல் பேராசிரியர், டெக்சஸ்

அம்மா, உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. மகளை விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பயண நிரல் மட்டும் கொடுத்தால் தயங்குங்கள். புறப்படும் முன் எத்தனை வகுப்புகள், என்ன வாசிப்பு, ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியது என்ன, திரும்பிய பிறகு எதைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். பேராசிரியர் அந்த நாட்டில் ஆய்வு செய்தவரா, அங்கே அவருக்குத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். சிப்பி வளர்ப்பவரிடமும் நீர் வாரியத்திடமும் ஒரு குழுவை அழைத்துச் செல்ல ஆண்டுக்கணக்கான பழக்கம் தேவை. முந்தைய ஆண்டு சென்ற மாணவர் இருவருடன் அவள் பேசட்டும். எங்கே தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பிறகு கேட்கலாம். மாலை வேளையில் பேராசிரியர் என்ன செய்தார் என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கில்மன் விண்ணப்பக் கட்டுரையை அனுப்பும் முன் யாரேனும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால், நான் படித்துத் தருகிறேன்.