கலைச்சொல்: ‘சாப்பிட்டாச்சா?’ வகைக் கேள்விக்கு என்ன பெயர்? (கொரிய வட்டார வழக்குகள்)

அன்பர்களுக்கு வணக்கம்.

பதிலை எதிர்பார்க்காமல் உறவுக்காகவே பேசும் பேச்சை 1923இல் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி ‘ஃபேட்டிக்’ என்றார். அந்த வகைக் கேள்விக்கு இந்த இழையில் ‘வெற்று வினா’, ‘சடங்கு வினா’ என்ற இரண்டு சொற்கள் வந்துள்ளன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

சியோலில் தெரிந்தவரைக் கண்டால் ‘பாப் மொகொஸ்ஸொ?’ என்பார்கள். நம் ‘சாப்பிட்டாச்சா?’ தான். தென்கிழக்கே கியோங்சாங்கில் அது ‘பாப் முன்னா?’ என்று சுருங்கிவிடும். நாட்டின் நடுப்பகுதியான சுங்சோங்கில் பணிவாகக் கேட்டால் ‘மொகொஸ்ஷு?’ என்று கடைசி எழுத்து நீளும். ஒருவர் மேல் வைத்த அக்கறையை வெற்று என்று சொல்ல மனம் வரவில்லை. சடங்கு என்றாலோ கல்யாணமும் கருமாதியும் தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘முகமன் வினா’. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. இந்தக் கேள்வி பார்வைக்கு அறியா வினா (தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது) போல இருக்கும். ஆனால் கேட்பவர் எதையும் அறிந்துகொள்ள வரவில்லை. ஆகவே ஏழாவதாக ஒன்று தேவைப்படுகிறது. முகமன் என்றால் ஒருவரைக் கண்டதும் சொல்லும் உபசாரச் சொல்; ஏற்கெனவே நம்மிடம் உள்ளது, பொருளும் பொருந்துகிறது.

‘ஆம்-இல்லை வினா’வுக்குள் இதை அடக்கலாமே என்ற யோசனைக்குக் கியோங்சாங்கே விடை சொல்லும். அங்கே ‘ஒடே கானோ?’ என்றால் எங்கே போகிறாய் என்று பொருள், இடத்தைச் சொல்ல வேண்டும். ‘ஒடே கானா?’ என்றால் எங்கேயாவது கிளம்பிவிட்டாயா என்று பொருள், ‘ஆமாம்’ போதும். வினா விகுதியே இரண்டையும் பிரித்துவிடுகிறது. சியோலில் இரண்டுக்கும் ‘ஒடி கா?’ தான், குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். தெருவில் எதிர்ப்படுபவரிடம் இந்த இரண்டு வடிவத்தையுமே முகமனாகக் கேட்கலாம். வடிவம் ஊருக்கு ஊர் மாறும்போது, பெயரைப் பயனை வைத்துத்தான் இட வேண்டும்.

ஜெஜு தீவுதான் சிக்கல். யுனெஸ்கோ 2010இல் மிகவும் அழியும் நிலையில் உள்ளதாக வகைப்படுத்திய மொழி அந்தத் தீவினுடையது. அங்கே விருந்தினரை ‘ஹோன்ஜொ ஒப்சொயே’ என்று அழைப்பார்கள். ‘சீக்கிரம் வாருங்கள்’ என்று பொருள்; பெருநிலக் கொரியர் காதில் ‘தனியாக வாருங்கள்’ என்று விழும். இது கேள்வியே இல்லை, அதனால் முகமன் வினாவில் சேர்க்க முடியாது. ‘முகமன் ஏவல்’ என்று தனியாக வைக்கலாமா? ஏவல் என்ற சொல்லில் அதிகாரத் தொனி இருக்கிறதே என்று தயங்குகிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.