ஆஸ்பத்திரிக்கு மனு எழுதறேன்: முதல்ல சாய்தளமா, கழிவறையா?

புளியமரத்தடி (கேள்வி):

வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம் எனக்கு. 2014 மாசி மாசம் புளி உலுக்க ஏறின மரத்துல கெளை முறிஞ்சு விழுந்தேன். அப்ப 20 வயசு. முதுகெலும்பு உடைஞ்சு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. வீல்சேர்லதான் இருக்கேன். வீட்டு முன்னாடியே செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கேன்.

மூணு மாசத்துக்கு ஒருதரம் யூரின் டெஸ்ட், வருஷத்துக்கு ஒருதரம் கிட்னி ஸ்கேன்னு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். எந்த ஆஸ்பத்திரின்னு இங்க எழுத வேண்டாம்னு நினைக்கறேன். போன வாரம் போனப்ப கையில டேப் எடுத்துட்டுப் போய் அளந்தே வந்துட்டேன். வாசல்ல மூணு படி, மொத்தம் 18 அங்குல உயரம். பக்கத்துல சாய்தளம் வெறும் 8 அடி நீளம். தம்பி பின்னால இருந்து தள்ளினா முன்சக்கரம் அந்தரத்துல தூக்குது. இறங்கறப்ப என்னைத் திருப்பி வச்சு பின்பக்கமாத்தான் இறக்கறான். சாய்தளத்தோட அடியில எப்பவும் நாலு டூவீலர் நிக்கும்.

அத விடப் பெரிய கஷ்டம் கழிவறை. நீல போர்டு மாட்டின தனி ரூம் இருக்கு, ஆனா பூட்டு தொங்குது. ஓ.பி. சீட்டு போடறவர் சாவி மருந்து கவுண்டர்ல இருக்குங்கறார். அங்க கேட்டா மேல வார்டுங்கறாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா உள்ள பினாயில் கேனும் உடைஞ்ச ஸ்ட்ரெச்சரும் கிடக்கு. கதவு உள்பக்கமாத் திறக்குது. வீல்சேர் உள்ள போயிட்டா கதவைச் சாத்த முடியாது. தம்பி வெளிய துண்டை விரிச்சுப் பிடிச்சு மறைச்சுக்கிட்டு நின்னான். வரிசையில இருந்தவங்க எல்லாம் பார்த்துட்டு இருந்தாங்க.

எனக்கு நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் நானே டியூப் போட்டுத்தான் சிறுநீர் எடுக்கணும். அதனால ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்கு முந்தின ராத்திரியே தண்ணி குடிக்கறத நிறுத்திடுவேன். தண்ணி குறைஞ்சா இன்ஃபெக்‌ஷன். காய்ச்சல் வந்து மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. போன வருஷம் இப்படி ரெண்டு தடவ படுத்தேன்.

இப்ப அங்க பெரிய டாக்டர் என்கிட்ட, "ரிப்பேர் வேலைக்குக் கொஞ்சம் பணம் இருக்கு, உங்களுக்கு எது முக்கியம்னு எழுதிக் குடுங்க"ன்னு நேரா கேட்டார். இத்தன வருஷத்துல தம்பியைக் கேட்காம என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வீட்டுல எல்லாரும் சாய்தளம்னு எழுதச் சொல்றாங்க. எனக்குக் கழிவறைன்னு தோணுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பாலக்கோடு மேஸ்திரி:

தம்பி, ஒரு அடி ஏற 12 அடி ஓடணும், அதான் கணக்கு. உங்க 18 அங்குலத்துக்கு 18 அடி நீளம் வேணும். 8 அடியில முடிச்சது பாதி கூட இல்ல. நேரா நீட்ட இடமில்லன்னா எல் மாதிரி மடக்கலாம், மடங்கற இடத்துல 5க்கு 5 அடி சமதளம் விடணும். வழவழ டைல்ஸ் ஒட்ட விடாதீங்க, மழையில சக்கரமும் வழுக்கும், ஊன்றுகோலும் வழுக்கும். கோடு கீறின சிமெண்ட் பூச்சே போதும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும், சக்கரம் நழுவி விழாம ஓரத்துல ஒரு சின்னத் திட்டு வேணும்.

ஆனா நீங்க சொல்ற கழிவறை வேலை இத விடச் சின்னது. கதவைக் கழட்டி வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாட்டறதுக்கு ஒரு நாள் போதும். திறந்தா 3 அடி இடைவெளி சுத்தமா கிடைக்கணும், அது இல்லன்னா நிலையையே மாத்தணும். உள்ள வீல்சேர் திரும்ப 5 அடி வட்டம் வேணும். ஒண்ணு மட்டும் மனுவுல அழுத்தி எழுதுங்க: கழிவறைப் பீங்கான் பக்கத்துல வைக்கற கைப்பிடி எந்தச் சுவத்துல நிக்குதுன்னு பாக்கணும். ஹாலோ பிளாக் சுவத்துல சும்மா ஸ்க்ரூ அடிச்சா ஆள் எடை தாங்காது. சாய்ஞ்சு எழுந்திரிக்கறப்ப கைப்பிடி கையோட வந்துரும். சுவத்துக்கு அந்தப் பக்கம் இரும்பு பிளேட் வச்சு போல்ட் முடுக்கணும்.

மாவட்டம் தர்மபுரி:

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்பத்தான் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பாக்கறாங்களே. அதுல பேர் குடுத்துட்டா இவ்வளவு அலைச்சல் வேண்டாமே?

புளியமரத்தடி:

தப்பா எடுக்கலைங்க. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. எங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருது. எனக்கும் பிசியோதெரபி சொல்லிக்குடுக்க வந்தாங்க, ரொம்ப உதவியா இருந்துச்சு. ஆனா ஸ்கேன் மெஷின் வீட்டுக்கு வராது. எக்ஸ்ரே வராது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு காய்ச்சல் 103 ஏறினா நான்தான் போகணும்.

வார்டு அக்கா:

14 வருஷமா தர்மபுரி பக்கம் நர்ஸா இருக்கேன். படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு தம்பி. அந்த ரூம் ஏன் ஸ்டோர் ஆகுதுன்னு உள்ள இருக்கறவளா சொல்றேன். துப்புரவுப் பொருள் வைக்க பல இடத்துல தனி அலமாரி கிடையாது. பூட்டு இருக்கற ரூம் அது ஒண்ணுதான்னு அங்க கொண்டு போய் வச்சிடறாங்க. மனுவுல "ஸ்டோருக்கு வேற இடம் ஒதுக்கணும்"னும் சேர்த்து எழுதுங்க. இல்லன்னா இப்ப காலி பண்ணிட்டு அடுத்த மாசம் மறுபடி நிரப்பிடுவாங்க. பூட்டே வேண்டாம், உள்தாழ்ப்பாள் மட்டும் போதும்.

அப்புறம் வரிசை. முதுகுத்தண்டு அடிபட்டவங்க 20 நிமிஷத்துக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி எடையை மாத்தணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துரும். மூணு மணி நேரம் உட்கார வச்சா நாமளே புண்ணை உண்டாக்கி அனுப்பறோம். முதல்ல பாக்கறது சலுகை இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25ஆம் பிரிவுல அது தெளிவா இருக்கு: சிகிச்சையில முன்னுரிமை, அரசு, தனியார் ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாம போய் வர வழி. மனுவுல அந்தப் பிரிவு நம்பரை எழுதுங்க. நகலை நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் குடுங்க.

எடை எப்படிப் பாக்கறாங்க உங்களுக்கு?

புளியமரத்தடி:

பாக்கறதே இல்லக்கா. "ஒரு 60 போட்டுக்கலாமா"ன்னு கேட்டு எழுதிக்கறாங்க. போன தடவ நானே ஊர்ல புளி மண்டிக்குப் போனேன். மூட்டை எடை போடற மேடையில வீல்சேரோட ஏறினேன், 69. அப்புறம் என்னைச் சாக்கு மேல இறக்கி உட்கார வச்சிட்டு வண்டியை மட்டும் போட்டோம், 17. அப்ப நான் 52 கிலோ. 60ன்னு எழுதின சீட்டைக் கையில வச்சுக்கிட்டு அந்த மேடைக்கிட்ட ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு கிலோ கூட எழுதித்தானே இத்தன நாளும் ஊசி மருந்து போட்டிருக்காங்க. அந்த மாதிரி ஒரு மேடை ஆஸ்பத்திரியில இருந்தா போதும்.

தையல் மெஷின்:

வணக்கம். நான் பிறவியிலேயே காது கேளாதவள். அரூரில் தையல் வேலை செய்கிறேன். நீங்கள் சக்கர நாற்காலி பற்றி எழுதுகிறீர்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் படி ஏற முடியும். ஆனால் டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிறார்கள். மூன்று முறை என் எண் போய்விட்டது. "கூப்பிட்டோம், வரவில்லை" என்றார்கள்.

என் முதல் பிரசவத்தில் அம்மாவை உள்ளே விடவில்லை. எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். உதடு தெரியவில்லை. எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், எப்போது முக்க வேண்டும் என்று யார் சொல்வதும் புரியவில்லை. ஒரு நர்ஸ் மட்டும் என் கையைப் பிடித்து, அழுத்தினால் முக்கு, விட்டால் நிறுத்து என்று காட்டினார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எண் காட்டும் பலகை ஒன்று, பிரசவ அறையில் துணைக்கு ஒருவர். இதைத்தான் கேட்கிறேன்.

பென்னாகரத்தான்:

கழிவறைக்கே என் ஓட்டு. எங்கப்பா 30 வருஷம் ஃபுளோரைடு அதிகமான போர் தண்ணி குடிச்சவர், அது எலும்பை இறுக்கிடும், பல்லைக் கறையாக்கிடும். முட்டி மடங்காது, முதுகு வளையாது, கீழ குந்தவே முடியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எதுவும் வாங்கினதில்ல, அதனால யார் கணக்குலயும் அவர் வரமாட்டார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்த பிறகு பேரப்பிள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்கு, அது நிம்மதி. ஆனா அப்பா வயசுல இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இப்படி ஆளுங்க இருக்காங்க. ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துல ஒரு கைப்பிடி இருந்தா அவங்களும் ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாம வருவாங்க. அப்பாவும் உங்கள மாதிரியேதான், போற அன்னிக்குக் காலையில காபி கூடக் குடிக்கமாட்டார்.

புளியமரத்தடி:

எல்லாருக்கும் நன்றி. பென்னாகரத்து அண்ணா, உங்கப்பாவைப் பத்தி எழுதினது என்னைத் தூங்க விடல. இத்தன நாள் இது என் ஒருத்தன் பிரச்சினைன்னு நினைச்சிருந்தேன்.

நேத்து ராத்திரி மனு எழுதிட்டேன். முதல்ல கழிவறை: கதவு, 3 அடி இடைவெளி, பிளேட் வச்ச கைப்பிடி, உட்கார்ந்தே எட்டற உயரத்துல கைகழுவற குழாய், ஸ்டோருக்கு வேற இடம். அடுத்தது பணமே வேண்டாதது: டூவீலர் நிக்காம ரெண்டு கல்லு நட்டு கயிறு, முன்னுரிமை வரிசை, தையல் அக்கா கேட்ட துணை ஆள். எண் பலகையும் எடை மேடையும் அதுக்குக் கீழ. சாய்தளத்துக்கு 18 அடி படம் வரைஞ்சு தனித்தாளா இணைச்சிருக்கேன், அது அடுத்த வருஷப் பணத்துல வரட்டும். அதுவரைக்கும் தம்பி தள்ளுவான்.

மேஸ்திரி அண்ணா, ஒரு சந்தேகம். அந்த ரூம் உள்ளளவு 6 அடிக்கு 5 அடிதான் இருக்கு. பீங்கானை மூலைக்குத் தள்ளினா வீல்சேர் திரும்புமா, இல்ல பக்கத்துச் சுவத்தை இடிக்கணுமா? பெரிய டாக்டரைத் திங்கட்கிழமை பாக்கறேன், அதுக்குள்ள சொன்னா படத்துல திருத்திடுவேன்.