டெஸ்ட் லைப்ரரிக்குள் போன 43 பில்கள்

துபாயில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் ஏ.எஸ்.400 என்கிற ஐ.பி.எம். கம்ப்யூட்டரை கீழக்கரையில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் மதியம், பக்கத்து வீட்டில் தொதல் கிண்டும் வாசம் மூக்கைத் துளைக்கிற நேரம், போன். அங்கே பில் போடும் தம்பியும், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் நம்ம ஊர்தான்.

"காக்கா, காலையிலேர்ந்து போட்ட பில் ஒண்ணுகூட மேனேஜர் ரிப்போர்ட்ல வரலையாமே?"

அவன் திரையில் 43 பில்லும் இருக்கின்றன, மேனேஜர் திரையில் ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபைலும் புரோகிராமும் இருக்கும் இடம்தான் லைப்ரரி, எந்த லைப்ரரியில் முதலில் தேடுவது என்ற வரிசைதான் லைப்ரரி லிஸ்ட். அவன் ஜாபின், அதாவது அவன் உள்ளே நுழைந்து செய்யும் வேலையின், லைப்ரரி லிஸ்டைத் திறந்து பார்த்தால், டேட்டா லைப்ரரிக்கு மேலே டெஸ்ட் லைப்ரரி உட்கார்ந்திருக்கிறது.

வைத்தது நான்தான். முந்தின நாள் அவன் யூசரில் ஒன்றைச் சோதிக்க, அந்த லிஸ்டைத் தீர்மானிக்கும் அவனுடைய ஜாப் டிஸ்கிரிப்ஷனில் டெஸ்டை மேலே ஏற்றினேன், இறக்க மறந்துவிட்டேன். லைப்ரரிகளில் விண்டோஸ் மாதிரி ஃபோல்டருக்குள் ஃபோல்டர் கிடையாது. கியூசிஸ் (QSYS) என்ற சிஸ்டம் லைப்ரரி ஒன்றைத் தவிர எந்த லைப்ரரிக்குள்ளும் இன்னொரு லைப்ரரி வைக்க முடியாது. புரோகிராம் ஃபைல் பெயரை மட்டும் சொன்னால் சிஸ்டம் லிஸ்டை மேலிருந்து கீழே தேடிக்கொண்டு போய், முதலில் அகப்பட்டதைத் திறந்துவிடும். டெஸ்டில் ஃபைல் அமைப்பு மாறியிருந்தால் புரோகிராமுக்கும் ஃபைலுக்கும் அமைப்பு பொருந்தவில்லை என்ற லெவல் செக் பிழை வந்து காலையிலேயே நின்றிருக்கும். நான் இரண்டையும் அச்சு அசலாக ஒன்றுபோல வைத்திருந்ததுதான் வினை.

சரி, காப்பி ஃபைல் கமாண்டில் ஆட் போட்டு அந்த பில்களை லைவில், அதாவது உண்மையான டேட்டா லைப்ரரியில், சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டினேன். அடுத்த பில் நம்பரைக் குறித்து வைத்திருக்கும் சின்ன இடமான டேட்டா ஏரியாவும் டெஸ்டிலிருந்தே வந்திருக்கிறது, அதுவோ பல வாரம் பழசு. ஏற்கெனவே கொடுத்த நம்பர்களையே மறுபடி கொடுத்திருக்கிறது, லைவ் ஃபைலில் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது (யூனிக் கீ) என்பதால் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. புது நம்பர் போட்டு, அச்சடித்துக் கொடுத்த காகிதங்களைக் கடை கடையாகத் திரும்ப வாங்கி... அந்தத் தம்பி ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

லைப்ரரி பெயரைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை, அப்புறம் அந்தப் புரோகிராமை எங்கே வைத்துச் சோதிப்பது? சோர்ஸுக்கு ஒன்று, கம்பைல் ஆன புரோகிராமுக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என்று மூன்று லைப்ரரி முன்பே இருந்தது, அதை அப்படியே விட்டேன். சோதனைக்குத் தனி யூசர், தனி ஜாப் டிஸ்கிரிப்ஷன். பில் போடுகிறவர்களுக்கு டெஸ்ட் லைப்ரரியில் அனுமதியே கிடையாது. மெனுவின் மேல் ஓரத்தில் டேட்டா எந்த லைப்ரரி என்று பெரிதாக வரும்.

இப்போதும் தினம் காலையில் முதல் பில் போடுவதற்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்துவிடும்: "காக்கா, மேலே லைவ்தானே?"