முட்டை ஓடு மெலிந்து உடைகிறது, உடைந்ததைக் கோழிகளே தின்கின்றன: உதவி தேவை

செட்டிச்சாவடி வாசகி:
வணக்கம். எங்கள் புழக்கடையில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலுமாகச் சிறுவிடைக் கோழிகளை வளர்க்கிறோம். பெட்டைகள் யாவும் இரண்டு வயதுக்கு உட்பட்டவை. கழிச்சல் நோய்த் தடுப்பூசி பெப்ரவரி முகாமிலேயே போடப்பட்டுவிட்டது. காலையில் கம்பும் அரிசிக் குருணையும் இறைக்கிறோம். பகலில் வேலியோரம் மேய்கின்றன. மாலையில் சமையலறையில் மிஞ்சியதைத் தின்றுவிட்டுக் கூண்டில் அடைகின்றன.

பொங்கலுக்குப் பிறகு முட்டையின் ஓடு நாளுக்கு நாள் மெலிந்து, கையில் எடுக்கும்போதே விரிசல் விடும் நிலைக்கு வந்துவிட்டது. இடையிடையே ஓடே இல்லாத தோல்முட்டையும் விழுகிறது. கூடையில் உடைந்து கிடக்கும் முட்டையைக் கோழிகள் ஓடு மிஞ்சாமல் தின்றுவிடுவதால், வைக்கோல் மட்டுமே ஈரமாகக் கிடக்கிறது. எச்சமும் முன்போல் கெட்டியாக இல்லாமல் தண்ணீராகப் போகிறது. ஆனால் இரையெடுப்பதில் குறைவில்லை, சோர்வும் இல்லை. சுண்ணாம்புச் சத்துக்காக வெள்ளைக்கல்லை இடித்துத் தீவனத்தில் கலந்து கொடுத்தும் பயன் தெரியவில்லை. இது நோயா, தீவனக் குறையா என்று அறிந்தவர்கள் கூற வேண்டும்.

கன்னங்குறிச்சிக்காரர்:
சகோதரி, வெயில் ஏறும் காலத்தில் ஓடு மெலிவது இயல்பு. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது, அப்படி இளைக்கும்போது ஓட்டுக்கு வேண்டிய கரியமிலச் சத்து இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. நிழலும் மண்பானைத் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். முட்டை தின்பதை நிறுத்த, ஒரு முட்டையில் துளையிட்டு உள்ளே மிளகாய்த்தூளை அடைத்து வைத்தால் இரண்டாம் முறை வாய் வைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

நாகலூர், ஏற்காடு:
மிளகாய் வைத்தியத்தை நம்ப வேண்டாம். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. தோட்டத்து ஊசிமிளகாயைக் குருவிகள் கூச்சமின்றி விழுங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மிளகாய் முட்டையைக் கோழி மகிழ்ச்சியோடு தின்றுவிட்டு அடுத்ததைத் தேடும்.

முட்டையைத் தின்பது கோழிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடுவதால் கூடையில் சுவடே இருக்காது. காகம் துளையிட்டுக் குடித்துவிட்டு ஓட்டைப் போட்டுவிடும். கீரியோ முட்டையை வெளியே உருட்டிச் சென்று கல்லில் மோதி உடைப்பதால் ஓட்டுத் துண்டுகள் சற்றுத் தொலைவில் கிடக்கும். வைக்கோல் ஈரமாகி ஓடும் காணாமல் போகிறதென்றால் பெரும்பாலும் கோழியின் வேலைதான். அலகோரத்தில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று மாலையில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள்.

இருப்பினும் முட்டை தின்னும் பழக்கம் இங்கே பின்விளைவு என்றே எனக்குப் படுகிறது. ஓடு கெட்டியாக இருந்தால் உடையாது, உடையாவிட்டால் ருசி கண்டிருக்காது. தாங்கள் இடித்துக் கலக்கும் வெள்ளைக்கல் எங்கிருந்து கிடைத்தது, எவ்வளவு கலக்கிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள்?

செட்டிச்சாவடி வாசகி:
இங்கே சுரங்கத்தை ஒட்டிய மேடுகளில் வெள்ளைவெளேரென்று கிடக்கும் கல்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் சுண்ணாம்புக்கல் என்று சொன்னதால், உரலில் மாவாக இடித்து நாள்தோறும் ஒரு கைப்பிடி கலக்கிறோம். பொங்கலையொட்டிப் பெட்டைகள் மும்முரமாக முட்டையிடத் தொடங்கியபோது ஆரம்பித்தோம். முன்பு ஓடு ஓரளவு மெலிதாகத்தான் இருந்தது. தோல்முட்டை இதற்குப் பிறகே வந்தது.

ஓமலூர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்:
அம்மா, அந்தக் கல்லை இன்றே நிறுத்துங்கள். தங்கள் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் வெள்ளைக்கல் சுண்ணாம்புக்கல் அன்று, அது மேக்னசைட். உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்வதற்காகத்தான் அதைத் தோண்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், இது மக்னீசியம் கார்பனேட். நிறம் ஒன்றாயினும் கோழியின் வயிற்றில் இரண்டும் நேர்மாறான வேலை செய்கின்றன. மக்னீசியம் மிகுந்தால் அது குடலில் கால்சியத்தோடு போட்டியிட்டு அது உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கிறது. குடலில் நீரைத் தேக்கி எச்சத்தையும் இளக வைக்கிறது. மக்னீசியம் கலந்த டாலமைட் கல்லையே முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று நாமக்கல் பண்ணையாளர்கள் கவனமாக இருப்பது இதனால்தான். தாங்கள் கூறிய மெலிந்த ஓடும் தண்ணீர்ப் போக்கும் சேர்ந்து வருவது இதோடு நன்கு பொருந்துகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கல்லின் துண்டு ஒன்றின் மேல் நாலைந்து சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்புக்கல்லானால் உடனே பொறுபொறுவென்று நுரைக்கும். மேக்னசைட் சும்மா கிடக்கும்.

இனிக் கொடுக்க வேண்டியதைப் பார்ப்போம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கம்பிலும் குருணையிலும் கால்சியம் மிகச் சொற்பமானதால், வேறு வழி இல்லாதபோது பெட்டை தன் எலும்பிலிருந்து கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கிறது. நன்றாக முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் இருக்க வேண்டும். தீவனக் கடையில் கிளிஞ்சல் குருணை என்று கேட்டு வாங்கி, தீவனத்தில் கலக்காமல் தனிக் கொட்டாங்கச்சியில் வைத்துவிடுங்கள். வேண்டிய பெட்டை வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும், சேவல் தொடாது. மாவாக இருப்பதைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குருணையே நல்லது. ஓடு படிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. பருங்குருணை அரைவைப் பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரைந்து கொடுக்கும். ஆகவே அடைவதற்கு முன் மாலையில் அது கண்ணில் படும்படி இருக்கட்டும்.

வீட்டு முட்டை ஓடுகளையும் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுக்கலாம். அப்படியே வீசினால் முட்டை தின்னக் கற்றுக்கொடுத்தது போலாகும்.

ஆத்தூர்க்காரர்:
வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து கொடுத்தால் போதாதா ஐயா? எங்கள் வீட்டில் சுண்ணாம்புத் தெளிவைத் தண்ணீரில் ஊற்றுவதுண்டு.

ஓமலூர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்:
வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது, கோழியின் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். தீவனத்தில் கலக்கவே கூடாது. தெளிவு கெடுதல் இல்லை என்றாலும் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1 கிராம் கால்சியந்தான் கரைந்திருக்கும். கோழி நாளொன்றுக்குக் குடிப்பதோ கால் லிட்டர் அளவு. கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: ஓடு சுருங்கிச் சுருங்கி வரி விழுந்திருந்தாலோ, இரவில் கரகரவென்று மூச்சு கேட்டாலோ, எச்சம் பச்சையாக மாறினாலோ இது தீவனக் குறையன்று, தாமதிக்காமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

செட்டிச்சாவடி வாசகி:
வினிகர் விட்டுப் பார்த்தோம். வெள்ளைக்கல்லில் ஒரு சலனமும் இல்லை; கிளிஞ்சலில் உடனே நுரை பொங்கியது. கல்லை நிறுத்தியதும் முதலில் எச்சம் கெட்டிப்பட்டது, ஓடு சற்றுத் தாமதமாகவே தேறியது. இப்போது தோல்முட்டை வருவதில்லை. ஆனால் செம்பழுப்புப் பெட்டை ஒன்று மட்டும் நல்ல முட்டையையும் கொத்துகிறது. அலகில் மஞ்சள் கறையும் இருந்தது. அதை என்ன செய்வது? மேலும், ஒரு பெட்டை அடைக்கு உட்காரும் குறி தெரிகிறது. சேர்த்து வைத்த பழைய முட்டைகளை வைக்கலாமா?

நாகலூர், ஏற்காடு:
பழகிய பெட்டையைச் சில நாட்கள் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். அதற்குள் முட்டையிடும் கூடையை இருட்டான மூலைக்கு மாற்றி, வாயில் சாக்குத் திரை தொங்கவிட்டு, முட்டை அளவுள்ள வழவழப்பான கூழாங்கல்லையோ மரமுட்டையையோ உள்ளே போட்டுவிடுங்கள். கொத்திக் கொத்தி அலகு வலித்தால் ஆர்வம் குறையும். முட்டைகளைக் காலையிலேயே ஒன்றுக்கு இருமுறை எடுத்துவிட வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால், அடித்தளத்தைச் சரிவாக்கி முட்டை உருண்டு அடுத்த பக்கம் விழும்படி பெட்டி செய்துகொள்ளலாம். குழம்பில் முடியும் கோழிகளும் உண்டு, அது தங்கள் விருப்பம்.

அடைக்குப் பழைய மெல்லோட்டு முட்டைகளை வைக்க வேண்டாம். 21 நாட்கள் கதகதப்பில் இருக்கும்போது மெல்லிய ஓட்டின் வழியே ஈரம் மிகுதியாகப் போய்விடும். பெட்டை புரட்டும்போது உடைந்தால் மற்றவையும் நாறும். இனி இடும் கெட்டி முட்டைகளை மட்டும் குளிர்ந்த இடத்தில், கூர்முனை கீழாக ஒரு வாரத்துக்கு மிகாமல் சேர்த்து, அந்தப் பெட்டையின் உடலுக்குள் அடங்கும் அளவு, பத்துக்குச் சற்று முன்பின்னாக வையுங்கள். வெள்ளைக்கல் மாவு மிச்சமிருந்தால் அதைக் கோழிகள் மேயும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள்.