டிரைவால் சுவரில் கனமான நிலைக்கண்ணாடி: உங்கள் அனுபவம் என்ன?

ஸ்கார்பரோவிலிருந்து (கனடா)

எங்கள் வரவேற்பறைக் கண்ணாடி விழுவதற்கு முந்தைய மாலை, அதன் அடியில் இருந்த மேசைமீது கோலமாவைத் தூவியதுபோல் வெண்பொடி படிந்திருந்தது. சுண்ணாம்பு உதிர்கிறது என்று சொல்லி மாமியார் அதைத் துடைத்துவிட்டார். ஊரில் காரைச் சுவரோடு வாழ்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். அது ஜிப்சம்; டிரைவால் என்பதே இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகைதான். வேலைக்கு வந்தவர், அரை அங்குல டிரைவாலில் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் உறைகளான இரண்டு பிளாஸ்டிக் ஆங்கர்களை இறக்கி, அவற்றில் கம்பியைக் கோத்துக் கண்ணாடியைத் தொங்கவிட்டுப் போயிருந்தார். விழுந்த பிறகு பார்த்தால் ஆங்கர்கள் உடையவே இல்லை. ஓட்டைகள்தாம் கீழ்நோக்கி அகன்று, சுவரின் மேல்தாள் கிழிந்து தொங்கியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் இல்லை. அந்தப் பொடியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து

எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்கள் குளியலறைக் கண்ணாடியைச் சுவரில் சிலிக்கான் பசையால் ஒட்டியிருந்தார்கள். வேறு பிடிமானம் எதுவும் இல்லை. ஒருநாள் மேல்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்ததால், இருவர் பிடித்துக்கொண்டு கழற்றினோம். பசை விடவே இல்லை. பெயின்டும் அதற்கடியில் இருந்த தாளும் கண்ணாடியோடு சேர்ந்து உரிந்து வந்தன. பின்புறப் பூச்சும் ஆங்காங்கே கறுத்திருந்தது. காடி நெடி அடிக்கும் சிலிக்கான் அந்தப் பூச்சை அரிக்கும் என்பதால், கண்ணாடிக்கென்றே விற்கும் பசையைத்தான் வாங்க வேண்டும். அதோடு அடியில் தாங்கும் பட்டையும் அவசியம்.

கால்கரியிலிருந்து

ஸ்கார்பரோ அன்பர் ஆங்கரின் பிடிமானத்தை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் சகோதரி வீட்டிலும் இப்படி ஒரு கண்ணாடி சரிந்தது. அங்கே கோளாறு கம்பியில் இருந்தது. கம்பியில் தொங்கும் கண்ணாடியின் மேற்பகுதி முன்னால் சாய்வதால், பாரம் ஆங்கரைக் கீழே அழுத்துவதோடு வெளியேயும் இழுக்கிறது. கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மட்டுமே சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணாடியின் முழு எடைக்குச் சமமான இழுவிசை, கம்பி கட்டிய வளையத்தில் விழும்.

முதலில் எடையைப் பாருங்கள். ஐந்தடிக்கு மூன்றடி அளவில் 6 மி.மீ. கண்ணாடி, சட்டம் இல்லாமலேயே சுமார் 21 கிலோ இருக்கும். அதைத் தாங்க வேண்டியது சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டமான ஸ்டட். வட அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் ஸ்டட்டுகள் மையத்துக்கு மையம் 16 அங்குலத்தில் இருக்கும். சில சுவர்களில் 24 அங்குலம். ஸ்டட் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி (ஸ்டட் ஃபைண்டர்) இல்லையென்றால், வலுவான சிறு காந்தத்தைச் சுவர்மீது நகர்த்துங்கள். டிரைவாலை ஸ்டட்டில் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையில் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு மேல்விளிம்பை 45 பாகையில் சீவிய பலகையை, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு ஸ்டட்டுகளில் இரண்டரை அங்குல ஸ்க்ரூவால் முடுக்கி, அதன்மேல் கண்ணாடியின் பின்புறத்தில் பொருத்திய, எதிர்ச்சரிவாகச் சீவிய பலகையைக் கொளுவி விடுங்கள். இதைத்தான் பிரெஞ்சு கிளீட் என்கிறார்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலே துளையிட வேண்டாம். மின்கம்பி பெரும்பாலும் ஸ்டட்டை ஒட்டியே மேலேறும்.

டொராண்டோ அடுக்ககத்திலிருந்து

கால்கரி ஐயா சொல்வது மரச்சட்ட வீட்டுக்குப் பொருந்தும். எங்கள் கட்டடத்தில் சுவருக்குள் இருப்பவை மெல்லிய தகர ஸ்டட்டுகள். கண்ணாடி மாட்ட வந்தவர் முடுக்கிய மர ஸ்க்ரூ பிடிக்காமல், சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. கடைசியில் தகரத்தையும் சேர்த்துத் துளையிட்டு, உள்ளே இறக்கை விரியும் டாகிள் போல்ட்டுகளைப் போட்ட பிறகுதான் பலகை அசையாமல் நின்றது. டாகிளுக்கு ஓட்டை பெரிதாக வேண்டும் என்பதையும், போல்ட்டை முழுவதும் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும் என்பதையும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே உரிமையாளரிடம் பேசிவிடுவது நல்லது.