மணிக்கட்டு நோ: ரிக்கெட்டில் ‘றிஸ்ட் பெயின்’ என்று மட்டும் இருந்தால் எந்தக் கோட்?

பதிவறைத்_தங்கச்சி (அம்பாறைக் கரையோரம்):
எல்லாருக்கும் வணக்கம், சலாம். காலாண்டு ஐஎம்எம்ஆருக்காக (வைத்தியசாலையில் தங்கியவர்களின் நோய், இறப்புக் கணக்கு) விடுகை முடிந்த ரிக்கெட்டுகளுக்கு (நோயாளியின் வார்ட் பதிவேடு) நோய்க் கோட் போடும்போது மணிக்கட்டு ரிக்கெட்டுகள்தான் மேசையில் தேங்கி நிற்கின்றன. நோய் நிர்ணயம் எழுதும் இடத்தில் ‘றிஸ்ட் பெயின்’ என்று மட்டும் இருக்கும். உள்ளே புரட்டினால் பிளாஸ்டர் போட்ட குறிப்பு இருக்கும், எக்ஸ்ரே இருக்கும், சிலதில் ‘ஸ்கஃபொயிட் முறிவு?’ (பெருவிரல் பக்கத்து மணிக்கட்டுச் சிற்றெலும்பு) என்று கேள்விக்குறியோடு எழுதி இருக்கும்.

இணையத்தில் தேடினால் எம்25.531 என்று வருகிறது. எங்கள் புத்தகத்தில் எம்25.53க்கு மேல் இலக்கம் இல்லை. எதைப் போடுவது? உள்ளே முறிவு என்று இருந்தால் நானே முறிவுக் கோட்டுக்கு மாற்றலாமா? கேள்விக்குறியை என்ன செய்வது?

மருதமுனை_நானா:
தங்கச்சி, இணையத்தில் வருவது அமெரிக்கப் பதிப்பு. நாங்கள் பாவிப்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் புத்தகமான ஐசிடி-10. இரண்டிலும் முன்பாதி ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம். எங்கள் புத்தகத்தில் எம்25.5 மூட்டு நோ. ஐந்தாவது இலக்கம் இடத்தைக் காட்டும்: 3 என்றால் முன்கை, அதற்குள்தான் ஆரை எலும்பு, அல்னா (முன்கையின் இரண்டு எலும்புகள்), மணிக்கட்டு மூட்டு மூன்றும் வருகின்றன. 4 என்றால் கை, அதாவது மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், உள்ளங்கை எலும்புகள், விரல்கள். மணிக்கட்டைக் ‘கை’ என்று நினைத்து 4 போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. மணிக்கட்டு மூட்டு நோவுக்கு எம்25.53. வலமா இடமா என்பதற்கு இந்தப் பதிப்பில் இலக்கம் கிடையாது, அதை எழுத்தில் குறித்து வையுங்கள்.

நோக் கோட் கடைசி வழி. அதே ரிக்கெட்டில் வைத்தியர் தன் கையால் முறிவு என்று எழுதி அதற்குச் சிகிச்சையும் கொடுத்திருந்தால், முதன்மை நோயாக முறிவைத்தான் எடுக்க வேண்டும். ஐசிடி-10இன் இரண்டாம் தொகுதியில் எம்பி3 விதி இதற்கென்றே இருக்கிறது: முதன்மையாக எழுதப்பட்டது வெறும் அறிகுறி, சிகிச்சை பெற்ற உண்மையான நோய் வேறிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அந்த நோயைத் தெரிவு செய்யலாம். ஆனால் எக்ஸ்ரே படத்தை நீங்கள் பார்த்து முறிவு என்று முடிவெடுக்கக் கூடாது. வைத்தியரின் எழுத்து இல்லையென்றால் ரிக்கெட்டை வார்ட்டுக்குத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

கேள்விக்குறி விடயம்: ஆள் வீடு போகும்வரை சந்தேகம் தீரவில்லை, வேறு விளக்கமும் எழுதப்படவில்லை என்றால் அந்த நோய் உறுதியானது போலவே கோட் பண்ண வேண்டும். ஆகவே ஸ்கஃபொயிட் முறிவுக்கு எஸ்62.0, மூடிய முறிவு என்றால் எஸ்62.00. மூடியதா திறந்ததா என்று எழுதாவிட்டாலும் மூடியது என்றே எடுப்பது. பரிசோதித்து ‘முறிவு இல்லை, சுளுக்கு’ என்று எழுதியிருந்தால் எஸ்63.5. ஒன்றுமே இல்லை என்று தீர்ந்தால்தான் இசட்03 வகை (சந்தேகித்துப் பார்த்து இல்லையென்று ஆனது).

வாவிக்கரை (மட்டக்களப்பு):
அமெரிக்க பில்லிங் வேலை செய்யும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லி விடுகிறேன். அங்கே எம்25.531 வலது மணிக்கட்டு, எம்25.532 இடது, எம்25.539 எந்தப் பக்கம் என்று சொல்லப்படாதது. இரு பக்கத்துக்குமான தனிக் கோட் இல்லை, இரண்டும் நோ என்றால் 531, 532 இரண்டையும் போட வேண்டும். 539ஐப் போடுமுன் குறிப்பை இன்னொரு முறை வாசியுங்கள். பக்கம் பெரும்பாலும் பரிசோதனைக் குறிப்பில் இருக்கும்.

மேலே நானா சொன்ன கேள்விக்குறி விதியை அமெரிக்க வெளிநோயாளர் பில்லுக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்று எழுதிய நோயைக் கோட் பண்ணக் கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். காயக் கோட்டுகளுக்கு ஏழாவது எழுத்தும் வேண்டும்: சுளுக்குக்குச் சிகிச்சை நடக்கும்போது ஏ, குணமாகும் கட்டத்துத் தொடர் வருகைக்கு டி, பின்விளைவுக்கு எஸ். எம்25.531க்கு ஏழாவது எழுத்து இல்லை.

எலும்பு_வார்ட்:
எழுதும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கோட் சரியாக வர வேண்டுமென்றால் ரிக்கெட்டில் இவ்வளவும் இருக்க வேண்டும்: எந்தக் கை, அவருக்கு எந்தக் கைப் பழக்கம், எப்போது தொடங்கியது, விழுந்ததா தானாக வந்ததா, விழுந்தால் எப்படி எங்கே, அமுக்கினால் நோவும் இடம், விரல்களில் உணர்வும் இரத்த ஓட்டமும், எக்ஸ்ரேயில் கண்டது.

அமுக்கினால் நோவும் இடம் முக்கியம். பெருவிரலடிக் குழியில் நோ இருந்தால் ஸ்கஃபொயிட்டை நினைக்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், அதனால்தான் கையை அசையாமல் கட்டி 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்கிறோம். ஆரைப் பக்க முனையில் நோ, பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சின்னவிரல் பக்கம் சாய்த்தால் கூடுகிறது என்றால் டி குவெர்வெய்ன் (பெருவிரல் தசைநாண் உறை அழற்சி), எம்65.4. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் விறைப்பு, இராவில் கூடும் என்றால் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது), ஜி56.0. அது எலும்பு, தசை நோய்களுக்கான எம் பிரிவில் இல்லை, நரம்பு நோய்ப் பிரிவில் இருக்கிறது. இவற்றை எல்லாம் நோ என்று ஒரே சொல்லில் மூடினால் வைத்தியசாலையின் கணக்கில் முறிவும் நரம்பு அழுத்தமும் ஒன்றாகி விடும்.

காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மணிக்கட்டுக்கு எம்25.53 எழுதி அனுப்புவதைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கும். சீழ் மூட்டழற்சி என்றால் எம்00.93, கவுட் (யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டழற்சி) என்றால் எம்10.93. சிக்குன்குன்யாவோடு வந்த மூட்டழற்சி என்று வைத்தியர் எழுதினால் ஏ92.0 உடன் எம்01.53.

பதிவறைத்_தங்கச்சி:
எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ரிக்கெட் கையில் இருக்கிறது. ஒன்று, வீட்டு வளவில் தென்னையில் இருந்து விழுந்து ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்தவர். மற்றது, கைத்தறி நெய்பவர், டி குவெர்வெய்ன் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. விழுந்ததையும் தொழிலையும் எங்கே காட்டுவது?

மருதமுனை_நானா:
முதலாவதுக்கு முதன்மை எஸ்52.5, மூடியது என்றால் எஸ்52.50. அதோடு வெளிக்காரணம் கட்டாயம்: மரத்தில் இருந்து விழுதல் டபிள்யூ14. நான்காவது இலக்கம் இடம். வீட்டு வளவும் வீட்டோடு சேர்ந்தது, ஆகவே டபிள்யூ14.0. தென்னந்தோட்டத்தில் விழுந்திருந்தால் டபிள்யூ14.7. ‘தென்னையில் இருந்து விழுந்தார்’ என்று மட்டும் எழுதி இடத்தை விட்டால், இடம் சொல்லப்படாதது என்று 9 போட வேண்டி வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது வீதியில் எதிலும் மோதாமல் சறுக்கி விழுந்தவருக்கு இந்த இட இலக்கம் வராது, அவருக்கு வி28.4.

நெய்பவருக்கு எம்65.4. தொழிலால் வந்தது என்று வைத்தியர் எழுதியிருந்தால் வை96ஐயும் சேருங்கள். தறி நெய்கிறார் என்று தொழில் மட்டும் பதிந்திருந்தால் நாமாக அந்த முடிவுக்கு வரக் கூடாது.

எலும்பு_வார்ட்:
திருப்பி அனுப்பும்போது ‘நோய் நிர்ணயம் எழுதவும்’ என்று பொதுவாக எழுதாமல், ரிக்கெட்டின் முன்பக்கத்தில் துண்டு ஒட்டி ஒரே கேள்வியாகக் கேளுங்கள் தங்கச்சி: ‘முறிவு உறுதியா? வலமா இடமா? திறந்ததா மூடியதா?’ வார்ட் சுற்று முடியும் நேரத்துக்குக் கொடுத்தால் அன்றைக்கே பதில் வரும். காலாண்டு முடிவில் கட்டாக அனுப்பினால், பார்த்த வைத்தியர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.